சீரும் சாவியும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஊர்வலம் தோன்றி, மெல்ல மெல்ல வழக்கமாகவும் ஆகிவிட்டிருக்கிறது. மேளமும் நாகசுரமும் முன்னே செல்ல, தாய்மார்கள் தாம்பாளங்களை ஏந்தி வர, ஆடவர்கள் பீரோவையும் நாற்காலிகளையும் மின்விசிறிகளையும் குடங்களையும் சுமந்து பின்தொடர, ஊரே திரண்டு அரசினர் தொடக்கப் பள்ளியின் வாயிலை அடைகிறது. அங்கே தலைமையாசிரியரும் உடனாசிரியர்களும் எதிர்கொண்டு வரவேற்று, வந்த பொருள்களைப் பெற்றுக்கொள்கிறார்கள். இதற்குக் கல்விச் சீர் என்று பெயர். மங்கல விசேஷங்களுக்குத் தாய்மாமன் கொண்டு செல்லும் சீர்வரிசையைப் போலவே பள்ளிக்கூடத்துக்கும் சீர் செய்ய வேண்டும் என்று எண்ணிய உள்ளம், பள்ளியைத் தன் குடும்பத்தில் பிறந்த பெண்ணாகவே பாவித்த உள்ளம் என்பதில் ஐயமில்லை.

ஊர்வலம் முடிந்து, வாழ்த்துரைகள் ஓய்ந்து, மேளக்காரர்களும் விடைபெற்றுச் சென்ற பிறகு, அந்தப் பள்ளியின் முற்றத்தில் ஒரு கேள்வி மாத்திரம் தங்கிவிடுகிறது. வந்த பீரோவின் சாவியை யார் வைத்துக்கொள்வது? சீரோடு வந்த ரொக்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது, எதற்குச் செலவிடுவது, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கொடுத்த பெற்றோரைச் சேர்ந்ததா, பள்ளியை நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கும் தலைமையாசிரியரைச் சேர்ந்ததா? சிறிய கேள்வி போலத் தோன்றினும், இதற்கு நம் நாடு ஏறத்தாழ 200 ஆண்டுகளாக அளித்துவந்திருக்கும் விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், பள்ளிக்கூடம் என்னும் ஸ்தாபனம் யாருடையது என்பது பற்றி நம் முன்னோரும் நாமும் கொண்ட எண்ணங்களின் சரித்திரமே அதனுள் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நடந்த காலத்தில் இந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லாதிருந்தது. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-இல் ஜில்லாக் கலெக்டர்களுக்கு எழுதிக் கேட்டுப் பெற்ற விவரங்களை 1826-இல் தொகுத்துப் பார்த்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகத் தெரியவந்தது. அப்பள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் கொடுத்ததைக் கொண்டே நடந்தவை. உபாத்தியாயர்கள் மாதத்துக்கு ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்று மன்றோ குறித்திருக்கிறார். அந்த வருமானமும் ஒரே வழியாக வந்ததன்று; சம்பளம் என்று சிறிது காசும், அறுவடைக் காலத்தில் நெல்லும், பிள்ளையைப் புதிதாகப் பள்ளியில் வைக்கும் நன்னாளில் வெற்றிலை பாக்கோடு தட்சிணையும், பண்டிகை தோறும் இயன்ற உபகாரமுமாகப் பலவழியிற் சேர்ந்தது. நவராத்திரி வந்துவிட்டால் பிள்ளைகள் கோலாட்டக் கழிகளோடு உபாத்தியாயரைத் தொடர்ந்து வீடு வீடாகச் சென்று பாடியும் ஆடியும் பெற்றுவந்த காசு அவரையே சேர்ந்தது. பள்ளியின் பெயரால் ஊரில் பணம் திரட்டும் வழக்கத்துக்கு நம்மிடையே வேர் எங்கே இருக்கிறதென்று தேடுவோர், அந்தக் கோலாட்ட ஓசையைக் காதில் வாங்காமல் மேலே செல்ல முடியாது.

அக்காலத்தில் பணம் பள்ளிக்குச் சேர்ந்ததா உபாத்தியாயருக்குச் சேர்ந்ததா என்று பிரித்துப் பார்க்கும் அவசியம் இல்லை. உபாத்தியாயரே பள்ளியாக இருந்தார். கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே தெருவில் முகத்தோடு முகம் பார்த்து வாழ்ந்தமையால் இடையில் ரசீதோ பேரேடோ வேண்டியிருக்கவில்லை. ஆனால் இந்த நெருக்கத்தை நாம் அளவுக்கு மீறிக் கொண்டாடுதலும் தகாது. மழை பொய்த்த ஆண்டில் முதலில் நின்றது உபாத்தியாயருக்கு அளக்க வேண்டிய நெல்தான். செல்வந்தரின் பிள்ளையைக் கண்டிக்க நேர்ந்தபோது அவருடைய நாவைத் தடுத்ததும் அதே நெல்தான். அன்றியும், பெற்றோர் என்று நாம் இங்கே சொல்லுவது திண்ணையில் ஏறி உட்காரும் உரிமை பெற்றிருந்த சில சாதியாரையே குறிக்கும். ஊரின் பெரும்பகுதி மக்களுக்கு அந்தத் திண்ணையின் நிழல்கூடக் கிட்டாதிருந்தது என்பதை மறந்துவிட்டுப் பழைமையைப் போற்றுவது சரித்திரம் ஆகாது.

1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் அனுப்பிய கல்விச் சாசனத்தை ஒட்டி, தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை வழங்கும் முறை ஏற்பட்டபோது இந்தப் பழைய உறவு தலைகீழாக மாறத் தொடங்கியது. உதவித்தொகை பெற வேண்டுமானால் பள்ளிக்கு ஒரு நிர்வாகி வேண்டும், பதிவேடுகள் வேண்டும், ஆண்டுதோறும் வந்து பார்வையிடும் இன்ஸ்பெக்டர் திருப்தியடைய வேண்டும். இவ்வாறு தாளாளர் என்னும் புதிய மனிதர் பள்ளிக்கும் பெற்றோருக்கும் நடுவில் வந்து நின்றார். பிறகு ஸ்தல ஸ்தாபனங்கள் நடத்திய பள்ளிகள் பெருகின. 1920-இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டமும் பிறந்தது. இவற்றால் கல்வி பரவிற்று. திண்ணையில் இடம் பெறாத பிள்ளைகளும் பள்ளி வாசலை மிதிக்க வழியுண்டாயிற்று. ஆசிரியருக்கு ஓரளவு நிச்சயமான சம்பளம் கிடைத்தது. அதே வேளையில், தலைமையாசிரியர் கணக்குச் சொல்ல வேண்டிய திசை மாறிவிட்டது. முன்பு அவர் ஊரைப் பார்த்துப் பதில் சொன்னார். இப்போது மேலேயிருந்த அலுவலகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். பெற்றோர் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாசலோடு திரும்பிச் செல்லும் அந்நியர் ஆயினர். கூரை ஒழுகினாலும் பெஞ்சு ஒடிந்தாலும் அது சர்க்காருடைய கூரை, சர்க்காருடைய பெஞ்சு என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணத்தை அசைக்கும் முயற்சி சுதந்தரத்துக்குப் பின், காமராசர் முதலமைச்சராகவும் சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் இயக்குநராகவும் இருந்த காலத்தில் நடந்தது. பள்ளிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டிருந்தது. சம்பளத்துக்கே திணறிய கஜானாவிலிருந்து ஒவ்வொரு பள்ளிக்கும் சுவரும் கூரையும் கடிகாரமும் கரும்பலகையும் வாங்கித் தருவது ஆகக்கூடிய காரியமாக இல்லை. ஊரார் கொடுப்பார்களா என்று ஐயுற்றவர்களுக்கு முதல் விடை மதிய உணவுத் திட்டத்தில் கிடைத்தது. 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய அத்திட்டம் ஆதியில் மக்களின் நன்கொடையாலேயே நடந்தது. 1957 நவம்பரில் அரசு பங்கேற்க முன்வந்தபோதும் முழுச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. உணவு ஒன்றுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கிட்டு, அதில் ஆறை அரசும் நான்கை ஊரும் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று.

அந்த நான்கு பைசாவின் மகிமை சாமானியமானதன்று. முழுவதும் அரசு கொடுத்திருந்தால் தலைமையாசிரியர் ஊராரைக் கலந்துகொள்ள வேண்டிய தேவையே எழுந்திராது. முழுவதும் ஊரே கொடுத்திருந்தால் ஏழை ஊர்களில் அடுப்பு எரிந்திராது. நான்கு பைசா கொடுத்தமையால், அரிசி எவ்வளவு வந்தது, எத்தனை பிள்ளைகள் உண்டார்கள், மீதி எங்கே என்று கேட்கும் தைரியம் ஊராருக்குப் பிறந்தது. நாள்தோறும் வருகைப் பதிவேட்டைப் பார்த்து இலைக்கணக்குச் சொல்லும் கடமை ஆசிரியருக்கும் பிறந்தது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பொதுக் காரியத்துக்கென்று தனிக்கலத்தில் எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கத்தை அறிந்த தாய்மாருக்கு இந்த ஏற்பாட்டின் பொருளை விளக்கிச் சொல்ல எவரும் வேண்டியிருக்கவில்லை.

இந்த அனுபவத்தின் மேல் எழுந்ததே பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958-இன் தொடக்கத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது; அதைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் வட்டாரந்தோறும் மாநாடுகள் நடந்தன. மாநாடு என்றவுடன் மேடையும் மாலையுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அதன் உண்மையான வேலை மேடை போடுவதற்குப் பல நாள் முன்பே தொடங்கியது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன குறைவு என்று ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கணக்கெடுத்தார்கள். வெள்ளையடித்தல், ஓடு மாற்றுதல், ஒரு வகுப்பறை கூட்டுதல், கிணறு, விளையாட்டிடத்துக்கு நிலம், மேசை நாற்காலி, தேசப்படம், சுவர்க் கடிகாரம், நூல்நிலையத்துக்குப் புத்தகம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என்று அப்பட்டியல் நீண்டது. அதை ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டு சென்று, இன்னின்னார் இன்னின்னது தருவதென்று ஒப்புக்கொண்ட பின்னரே மாநாடு கூடிற்று. கூடிய இடத்தில் வந்த பொருள்கள் காட்சியாக வைக்கப்பட்டன, கொடுத்தவர்கள் சபையறியப் போற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் கோடிகளில் எண்ணத்தக்க மதிப்புள்ள பணிகள் இவ்வாறு நிறைவேறின. 1964 முதல் 1966 வரை நாட்டின் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி கமிஷனும் சென்னை மாநிலத்தின் இந்த முயற்சியைக் கவனித்துத் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது.

அதிகாரப் பங்கீடு என்னும் நம் விஷயத்துக்கு இந்த இயக்கம் விட்டுச் சென்ற பாடம் ஒன்று உண்டு. இன்னது வேண்டும் என்று சொல்லும் உரிமை ஆசிரியரிடம் இருந்தது. அதில் எதைத் தருவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை ஊராரிடம் இருந்தது. தந்தது வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் சாட்சியாகச் சபை முழுவதும் இருந்தது. பெரும்பகுதி காசாக நில்லாமல் பொருளாக வந்தமையால், சந்தேகத்துக்கும் இடம் சுருங்கிற்று. கடிகாரம் சுவரில் இருக்கிறதா இல்லையா என்பதை எழுத்தறியாத பாட்டியும் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம் அல்லவா? ஆயினும் குறைகளும் இருந்தன. வளமான ஊர் தன் பள்ளியை மேலும் வளமாக்கிக்கொண்டது. வறண்ட ஊர் பட்டியலோடு நின்றது. பேர் பொறிக்கத் தக்க பொருளுக்குக் கொடையாளர்கள் மிகுந்தார்கள். அன்றாடம் தீர்ந்துபோகும் சுண்ணக்கட்டிக்கும் விளக்குமாற்றுக்கும் எவரும் முன்வருவது அருமையாயிற்று. மாநாடு என்பது ஒரு நாள் வைபவம். பள்ளியோ ஆண்டு முழுவதும் நடக்க வேண்டியது.

ஆண்டு முழுவதும் நிற்கும் ஓர் அமைப்பாகவே பெற்றோர் ஆசிரியர் கழகம் பள்ளிதோறும் வளர்ந்தது. பெற்றோருள் ஒருவர் தலைவர், தலைமையாசிரியர் செயலாளர் என்னும் வழக்கு நிலைபெற்றது. இந்த இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில்தான் பணம் அமர்ந்திருக்கிறது. ஆண்டுக் கட்டணமாகவும் நன்கொடையாகவும் சேர்ந்த தொகையிலிருந்து, அரசு ஆசிரியரை நியமிக்கும் வரை காத்திராமல் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்திச் சம்பளம் கொடுத்த கழகங்கள் எத்தனையோ உண்டு. காவலாளுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் மாத ஊதியம் அளித்துப் பள்ளியின் வாசலை அவலட்சணமின்றிக் காத்த கழகங்களும் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக மாநிலக் கழகம் மலிவு விலையில் வெளியிட்டுவந்த வினா வங்கிகளை, கைக்குக் கை மாறிக் கிழிந்து நைந்த நிலையில் கண்டிராத அரசுப் பள்ளி மாணவர் அருமை.

ஆனால் மனஸ்தாபங்களும் இங்கேதான் மிகுந்தன. ஒரு சிற்றூரை மனத்திற் கொள்வோம். கழகத்தின் பெயரில் 50,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. தலைவர் பள்ளி வாயிலில் ஒரு வளைவு எழுப்ப விரும்புகிறார். அது சாலையில் போவோர் கண்ணுக்குத் தெரியும், கொடுத்தவர்களுக்கும் திருப்தி உண்டாகும். தலைமையாசிரியரோ பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும் என்கிறார். இந்தச் சந்தர்ப்பத்தில் தலைமையாசிரியர் பக்கமே நியாயம் என்று நமக்குத் தோன்றும். அடுத்த ஊரில் நிலைமை மாறி, தலைமையாசிரியர் தம் அறைக்குப் புதிய மேசை வேண்டுமென்று கேட்க, தாய்மார்கள் குழாய் வேண்டுமென்று வாதாடக்கூடும். ஆகவே நியாயம் பதவியைப் பொறுத்ததன்று. இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் எந்த ஊரிலும் குழாய்க்குத் தண்ணீர் வரும்.

தலைமையாசிரியரின் சங்கடத்தை நாம் அனுதாபத்தோடு நோக்க வேண்டும். பாடம் நடத்துவதற்கென்று பயின்று வந்தவர் அவர். ரொக்கப் பதிவேடும் இருப்புப் பதிவேடும் தணிக்கைத் தடையும் அவருடைய தலைமேல் ஏறிக்கொள்கின்றன. சல்லிக்காசு குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டியவர் அவரே. கழகத்தின் தலைவர் ராஜினாமாச் செய்துவிட்டுப் போய்விடலாம், அவர் போக முடியாது. பெற்றோரின் குறையும் அற்பமானதன்று. நன்கொடை என்ற பெயரால் கேட்கப்படுவது சேர்க்கை நாளில் கட்டணமாகவே மாறிவிடுவதை அவர்கள் அறிவார்கள். கணக்கைக் கேட்டால் பிள்ளையின் மேல் ஆசிரியருக்கு மனக்கசப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தால் வாய்மூடித் திரும்பிய தகப்பன்மார் எத்தனையோ பேர். திண்ணைப் பள்ளியில் உபாத்தியாயரின் நாவைத் தடுத்த அச்சம், இப்போது இடம் மாறித் தகப்பனின் நாவைத் தடுக்கிறது.

கணக்குக் கேட்பது அவமரியாதை என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ அறியேன். நம்முடைய பழைய ஊராட்சி மரபு அப்படிச் சொல்லவில்லை. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள் குடவோலை முறைக்காக உலகெங்கும் புகழப்படுகின்றன. அவற்றுள் நான் பெரிதாக மதிப்பது வேறொரு விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர். அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்று அந்தச் சபை கல்லில் வெட்டி வைத்தது. ஏரியும் தோட்டமும் ஊருக்குப் பொது என்பதால், அவற்றைக் காத்தவர் கணக்குக் காட்டுவதும் ஊருக்குப் பொதுவான தர்மமாயிற்று. பத்தாம் நூற்றாண்டில் ஏரிக்குப் பொருந்திய தர்மம், நம் காலத்தில் பள்ளிக்குப் பொருந்தாமற்போகக் காரணம் இல்லை.

சட்டம் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கம் நடந்த ஆண்டுகளில் கிராமக் கல்விக் குழு என்று ஒன்று அமைந்து, ஊராட்சித் தலைவரும் தலைமையாசிரியரும் இணைந்து கையொப்பமிட்டால்தான் வங்கியிலிருந்து பணம் எடுக்கலாம் என்ற முறை ஊர்தோறும் பழக்கமாயிற்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை விதித்தது: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அடுத்த பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டும் கடமையையும் அக்குழுவின் கையிலே கொடுத்தது. சட்டத்தின் கீழ் எழுந்த விதிகள், குழுவுக்கு வரும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட வேண்டும், கணக்கில் தலைவரும் ஒருங்கிணைப்பாளரான தலைமையாசிரியரும் ஒப்பமிட வேண்டும் என்று தெளிவாக்கின. 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, அங்கே படிக்கும் பிள்ளையின் தாய் ஒருத்தியே தலைவியாக வர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வயல் வேலைக்குச் சென்று திரும்பும் ஒரு தாய், வங்கிக் காசோலையில் தலைமையாசிரியரின் கையொப்பத்துக்கு அருகே தன் பெயரை எழுதுகிறாள். திண்ணையின் நிழல்கூடக் கிட்டாதிருந்த குடும்பங்களின் பேத்திகளும் அப்படி எழுதுகிறவர்களுள் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சம் நெகிழ்கிறது.

அவள் இன்னும் பல இடங்களில், நீட்டிய இடத்தில் கையொப்பமிட்டுவிட்டு வருகிறாள் என்பதையும் மறைத்தற்கில்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி போன்ற திட்டங்களால், தொலைதூரத்துக் கொடையாளர்களும் நிறுவனங்களும் தரும் பெருந்தொகைகள் பள்ளிகளை நாடி வருகின்றன. தொகை பெருகப் பெருக, ஊரின் நான்கு பைசா சிறுத்துப்போய், கேட்கும் குரலும் அதனோடு சிறுத்துவிடும் அபாயம் உண்டு. இரண்டு கையொப்பம் என்ற ஏற்பாட்டை ஒருவரையொருவர் நம்பாமையின் சின்னமாகக் கருதுவோர் அதன் உட்பொருளை உணராதவர். நேர்மையான தலைமையாசிரியருக்கு அந்த இரண்டாவது கையொப்பமே கவசம். அது இருக்கும்வரை ஊரில் எவரும் அவர்மேல் விரல் நீட்ட முடியாது. ஆனால் படித்துப் பார்த்து இட்ட கையொப்பம் கவசமாகுமேயன்றிப் பார்க்காமல் இட்டது ஆகாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தலைமையாசிரியர் சில ஆண்டுகளில் மாறுதல் பெற்று வேறூருக்குப் போய்விடுகிறார். தலைவியும் தன் பிள்ளை ஐந்தாம் வகுப்பையோ எட்டாம் வகுப்பையோ முடித்ததும் அந்த ஆசனத்தைவிட்டு இறங்கிவிடுகிறாள். பள்ளிப் பணத்தின்மேல் அதிகாரம் யாருக்கு என்று வாதாடும் இருவருமே வழிப்போக்கர். நிலையாக அங்கே தங்கியிருப்பவை கட்டடமும், அடுத்து வரும் பிள்ளைகளும், மேசை இழுப்பறையில் இருக்கும் பேரேடுமே. முன்னிருந்தவர்கள் எதை எதற்காகச் செலவிட்டார்கள் என்று பின்வரும் இருவருக்கும் சொல்லக்கூடியது அந்தப் பேரேடு ஒன்றுதான். ஆதலால் அதை வருஷத்தில் ஒரு நாளேனும் வெளியே எடுத்து, சுதந்தர தினத்திலோ கிராம சபையிலோ, கொடிமரத்தின் அடியில் நின்று வரி வரியாக உரக்க வாசிக்கும் வழக்கம் ஒவ்வோர் ஊரிலும் ஏற்பட வேண்டும் என்பது என் விருப்பம்: இன்ன வீட்டார் தந்தது இவ்வளவு, குழாய்க்கு ஆனது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. தாம்பாளம் ஏந்தி வந்த தாய்மார்கள் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டு என்ன வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்கட்டும். பீரோவின் சாவி அதன்பின் தலைமையாசிரியரின் இடுப்பிலேயே இருக்கலாம். அதைப் பற்றி ஒருவரும் கேள்வி எழுப்பமாட்டார்கள்.